வீடு மாறும்போது பழச்செடிகளையும் கூட்டிப் போவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு மாறுவது என்று முடிவானதும் கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாவற்றுக்கும் பட்டியல் போடுகிறோம். தோட்டத்துக்கு யாரும் போடுவதில்லை. கடைசி வாரத்தில்தான் அந்த மாதுளை கண்ணில் படும். அப்போது மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் செடியும் போகும், இடுப்பும் போகும். நான் நான்கு முறை வீடு மாறியிருக்கிறேன். முதல் முறை கொண்டுபோனதில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. கடைசி முறை பதினோரு கன்றுகள் வந்து சேர்ந்தன, ஒன்பது இன்றும் இருக்கின்றன. நடுவில் கற்றுக்கொண்டதையும், வீடு மாறப்போகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

செடியையே தோண்டி எடுத்துப் போகக் கூடாதா?

தொட்டியில் இருந்தால் தாராளமாக. மண்ணில் நட்டு இரண்டு வருடம் ஆகாத சின்னச் செடி என்றாலும் முயன்று பார்க்கலாம். அதற்கு மேல் வளர்ந்துவிட்டால் வேண்டாம் என்பதுதான் என் பதில்.

தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சுவது மெல்லிய நுனிவேர்கள். அவை தண்டுக்குப் பக்கத்தில் இருப்பதில்லை, கிளை பரந்திருக்கும் அளவுக்கும் அதற்கு வெளியேயும் போயிருக்கும். நாம் தூக்கக்கூடிய அளவு மண்கட்டியோடு தோண்டினால் வருவது தடித்த வேர்கள் மட்டும். மேலே அத்தனை இலையும் தண்ணீர் கேட்கும், கீழே கொடுக்க ஆள் இருக்காது. ஒரு வாரத்தில் வாடல், மூன்று வாரத்தில் விறகு.

கட்டாயம் எடுத்தே ஆக வேண்டும் என்றால் சில மாதங்கள் முன்னாலேயே செடியைச் சுற்றி ஒன்றரை அடி தள்ளி மண்வெட்டியை நேராக இறக்கி, வட்டமாக வேரை வெட்டி விடுங்கள். வெட்டிய இடத்தில் புதிய நுனிவேர்கள் கிளம்பும். பிறகு இலை உதிர்ந்து செடி தூங்கும் பருவத்தில் தோண்டினால் வாய்ப்பு கொஞ்சம் கூடும். ஆனால் இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில் ஒரு குச்சியை வெட்டி வேர்பிடிக்க வைத்தால், கையில் கிடைப்பது அச்சு அசலாக அதே செடிதான். தாய்ச்செடி இங்கேயே காய்த்துக்கொண்டிருக்கட்டும், அடுத்து வருகிறவர்கள் சாப்பிடட்டும்.

எத்தனை மாதம் முன்னால் தொடங்க வேண்டும்?

ஆறு மாதம் இருந்தால் கவலையே இல்லை. போத்து (வெட்டி நடும் குச்சி), பதியம் (தாய்ச்செடியோடு இருக்கும்போதே கிளையில் வேர் வரவைப்பது) இரண்டும் செய்து, தோற்றதை மறுபடி செய்து, கன்றைத் தொட்டியில் தேற்றி எடுத்துப் போகலாம். மூன்று மாதம் என்றால் விண்பதியமும், சுலபமாக வேர்பிடிக்கும் போத்துகளும். ஒரு மாதம் என்றால் செடியின் அடியில் முளைக்கும் தூர்க்கன்றுகளைத் தொட்டிக்கு மாற்றலாம், டிராகன் பழத் தண்டு நடலாம். ஒரே வாரம் என்றால் அதற்கும் வழி உண்டு, கீழே தனியாகச் சொல்கிறேன்.

தேதி உறுதியாகட்டும் என்று காத்திருக்காதீர்கள். வீடு மாறும் பேச்சு எழுந்ததுமே பத்துக் குச்சி நட்டு வையுங்கள். போகவில்லை என்றால் கன்றை யாருக்காவது கொடுத்துவிடலாம்.

விதை எடுத்துப் போனால் போதாதா? சுமையே இல்லையே?

சுமை இல்லைதான். ஆனால் முளைப்பது வேறு செடி. கொய்யா, மாதுளை, திராட்சை எதுவானாலும் விதைக்குள் இருப்பது இரண்டு பெற்றோரின் கலவை. தாய் இனிப்பாக இருந்தது என்பதற்காகப் பிள்ளை இனிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதோடு, விதைக்கன்றுக்கு ஒரு குழந்தைப் பருவம் உண்டு. அது முடியும்வரை என்ன உரம் போட்டாலும் பூக்காது. காய்க்கிற கிளையிலிருந்து எடுத்த போத்தும் பதியமும் ஏற்கெனவே பருவம் எய்தியவை. வேர் வளர்ந்து உடம்பு தேறினால் போதும், பூத்துவிடும்.

ஒரு விலக்கு: சாதாரண எலுமிச்சை. அதன் ஒரே விதையிலிருந்து சில சமயம் இரண்டு மூன்று முளை வருவதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பெரும்பாலானவை தாயின் திசுவிலிருந்தே உருவானவை, அதனால் தாயைப் போலவே இருக்கும். அப்படியும் காய்க்க நான்கைந்து வருடமோ அதற்கு மேலோ ஆகும். பொறுமை இருந்தால் சரி.

எந்தச் செடிக்கு எந்த வழி?

குச்சி நட்டாலே வருகிறவை: முசுக்கட்டை என்கிற மல்பெரி, அத்தி, திராட்சை, மாதுளை. இதே வரிசைதான் சுலபத்துக்கும். மல்பெரிக் குச்சியைப் பந்தலுக்கு முட்டுக் கொடுத்தாலும் துளிர்த்துவிடும். மாதுளை கொஞ்சம் யோசித்துத்தான் வேர்விடும், வேர்விடும் ஹார்மோன் தொட்டு நட்டால் நன்றாக வரும். பேஷன் பழக் கொடியில் மூன்று கணுவுள்ள துண்டு போதும். டிராகன் பழத்துக்கு ஓர் அடித் தண்டை வெட்டி, நிழலில் ஐந்தாறு நாள் போட்டு வெட்டுவாய் காய்ந்த பிறகு நட வேண்டும். உடனே நட்டால் அழுகும்.

பதியம் போட வேண்டியவை: கொய்யா, எலுமிச்சை, ஜம்பு நீர் ஆப்பிள். கொய்யாவில் வெறும் குச்சி நட்டு வென்றவர்கள் இருக்கிறார்கள். இளங்குச்சி, ஈரப்பனி தெளிக்கும் கூடாரம், ஹார்மோன் எல்லாம் அவர்களுக்குக் கைகூடியிருக்கும். வீட்டில் அந்தப் பாடு தேவையில்லை. பதியம் போட்டால் பத்தில் எட்டு எனக்கு வந்திருக்கிறது.

பார்படோஸ் செர்ரி இரண்டு வழியிலும் வரும்.

சப்போட்டாவும் மாவும் ஒட்டுக்கட்டிப் பெருக்கப்படுபவை. வீடு மாறும் அவசரத்தில் ஒட்டுக்கட்டிப் பழக வேண்டாம், புதிய இடத்தில் ஒட்டுக்கன்று வாங்கிக்கொள்ளுங்கள். சீத்தாவில் குச்சி பிடிக்காது. ஆனால் அதன் விதைக்கன்று மற்றவற்றைப் போல அவ்வளவு ஏமாற்றாது.

போத்து வெட்டி நடுவதைப் படிப்படியாகச் சொல்லுங்களேன்?

முதலில் கிளையைத் தேர்ந்தெடுப்பது. போன பருவத்தில் வளர்ந்து, பச்சை மாறிப் பழுப்பாகி, பென்சில் பருமனுக்கு முற்றிய குச்சி வேண்டும். நுனியில் இருக்கும் இளம்பச்சை வாடிவிடும், அடியில் இருக்கும் கிழக்கட்டை வேர்விட அடம்பிடிக்கும். நடுப்பகுதியே நல்லது. குப்பென்று நேராக மேலே பாய்ந்த கொழுத்த தண்டு பார்க்க அழகாக இருக்கும். உள்ளே சேமிப்பு குறைவு, அதை விட்டுவிடுங்கள்.

இலை உதிர்க்கும் செடி என்றால் இலை உதிர்ந்து, புதுத் துளிர் கிளம்பும் முன் வெட்டுவது உத்தமம். குச்சிக்குள் மாவுச்சத்து நிறைந்திருக்கும் நேரம் அது.

நீளம் 20 முதல் 25 செ.மீ., அதில் நான்கைந்து கணு. கீழ்வெட்டு ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே, நேராக. மேல்வெட்டு ஒரு கணுவுக்கு விரல்கடை மேலே, சாய்வாக. சாய்வு எதற்கு என்றால் தண்ணீர் தேங்காமல் வழியவும், எது தலை எது கால் என்று மறந்துபோகாமல் இருக்கவும்தான். சிரிக்காதீர்கள், இருபது குச்சியை மேசையில் பரப்பிய பிறகு உண்மையாகவே குழம்பும். தலைகீழாக நட்ட குச்சி ஒழுங்காக வேர்விடாது. வேர்விடத் தூண்டும் ஆக்சின், குச்சியின் நுனியிலிருந்து அடியை நோக்கித்தான் ஓடும். குச்சியைத் திருப்பி வைத்தாலும் அது தன் திசையை மாற்றிக்கொள்வதில்லை.

கத்தரிக்கோலை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு வெட்டுங்கள். ஒரு செடியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போதும் துடையுங்கள். அத்தியில் வடியும் பாலைக் கழுவிவிடுங்கள். அது தோலில் பட்டு வெயிலிலும் நின்றால் கொப்புளம் வரும்.

மண்கலவையில் சத்து வேண்டாம், காற்று வேண்டும். ஆற்றுமணலும் தென்னைநார்க் கழிவும் பாதிக்குப் பாதி, அல்லது பெர்லைட் என்ற இலேசான வெள்ளைத் துகள் கிடைத்தால் அது. உரம் போடாதீர்கள். வேரே இல்லாத குச்சிக்கு எரு போடுவது பல் முளைக்காத குழந்தைக்கு முறுக்கு கொடுப்பது மாதிரி. குச்சியின் மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போக வேண்டும், மேலே இரண்டு கணு தெரிந்தால் போதும். சுற்றி மண்ணை நன்றாக அழுத்துங்கள், காற்றுப்பை இருந்தால் அங்கே வேர் வராது.

அப்புறம் நிழல். ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து மூடலாம், பாதி வெட்டிய தண்ணீர் பாட்டிலும் நல்ல மூடிதான். நேர்வெயில் பட்டால் அந்த மூடிக்குள் குச்சி வெந்துவிடும். மண் ஈரமாக இருக்க வேண்டும், சேறாக இருக்கக் கூடாது. கைப்பிடி மண்ணைப் பிழிந்தால் ஓரிரு சொட்டுக்கு மேல் வரக் கூடாது.

இரண்டு வாரத்தில் துளிர் வந்துவிட்டது. வேர் பிடித்துவிட்டதுதானே?

இல்லை. இதில் ஏமாறாதவர் யாரும் இல்லை.

குச்சிக்குள் ஏற்கெனவே இருக்கும் சேமிப்பை வைத்தே மொட்டு விரியும். அதற்கு வேர் தேவையில்லை. பச்சையைப் பார்த்ததும் நாம் மூடியைக் கழற்றி வெயிலில் வைப்போம், உரம் போடுவோம். சேமிப்பு தீர்ந்ததும் ஒரே நாளில் துளிர் தொங்கிவிடும். என் முதல் தோல்வி முழுக்க இதனால்தான். இன்னொரு தவறும் செய்தேன்: இரண்டு நாளுக்கு ஒரு முறை குச்சியைப் பிடுங்கி வேர் வந்ததா என்று பார்த்தேன். முதலில் வரும் வேர் நூலைவிட மெல்லியது, தொட்டாலே அறுந்துவிடும்.

தெரிந்துகொள்ள நல்ல வழி, ஓட்டை போட்ட கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் டம்ளரில் நடுவது. வெளிச்சம் படாமல் அதை இன்னொரு டம்ளருக்குள் சொருகி வையுங்கள். வாரம் ஒரு முறை தூக்கிப் பார்த்தால் சுவரோரம் வெள்ளை வேர் தெரியும். முதல் துளிர் வாடாமல் இருந்து, ஒரு இடைவெளி விட்டு இரண்டாவது முறை துளிர்த்தால் அதுவும் நல்ல அடையாளம்.

தண்ணீரில் போட்டு வேர்விட வைக்கலாமா?

அத்தியும் மல்பெரியும் தண்ணீரிலேயே விடும். ஆனால் தண்ணீரில் வந்த வேர் மென்மையானது, மண்ணுக்கு மாற்றும்போது ஒடியும், புது இடத்துக்குப் பழக நாளாகும். அப்படிச் செய்தால் வேர் ஓர் அங்குலம் வந்ததும் மாற்றிவிடுங்கள், ஓரடி வளரும்வரை அழகு பார்க்க வேண்டாம்.

தேன், கற்றாழை, இளநீர் தடவினால் வேர் வருமா?

தேனில் வேர்விடும் ஹார்மோன் கிடையாது. பூஞ்சையைக் கொஞ்சம் தடுக்கும் என்பதற்காகத் தடவுகிறார்கள். சுத்தமான கத்தியும் சுத்தமான மணலும் இருந்தால் அந்த வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது. இளநீரில் இருப்பது சைட்டோகைனின் வகைப் பொருள், அது தளிரைத் தூண்டுவது. நமக்கு வேண்டியது வேர். போதாக்குறைக்கு அதன் சர்க்கரை மண்ணில் பூசணத்தை அழைத்துவரும்.

வேலை செய்வது கடையில் கிடைக்கும் வேர்விடும் தூள். அதில் இருப்பது பெரும்பாலும் இண்டோல் பியூட்ரிக் அமிலம், சுருக்கமாக ஐபிஏ. இளங்குச்சிக்கு 0.1 சதவீதத் தூள், முற்றிய குச்சிக்கு 0.3 சதவீதம். கூடுதலாகத் தடவினால் கூடுதலாக வேர் வராது, அடி கருகும். டப்பாவுக்குள் குச்சியை நேராக முக்காமல் கொஞ்சம் தூளைக் காகிதத்தில் கொட்டி அதில் தொடுங்கள், இல்லாவிட்டால் ஈரமும் நோயும் டப்பா முழுக்கப் பரவும். மல்பெரிக்கும் அத்திக்கும் இது தேவையே இல்லை.

விண்பதியம் என்கிறார்களே, அது எப்படி?

கிளை மரத்திலேயே இருக்கும்போதே அதில் வேர் வரவைத்து, பிறகு வெட்டி எடுப்பது. தாய் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருப்பதால் குச்சி வாடும் பயம் இல்லை. வீடு மாறுகிறவர்களுக்கு இதைவிட நம்பகமான வழி இல்லை என்பேன்.

பென்சில் பருமனோ சுண்டுவிரல் பருமனோ உள்ள, நன்றாக வெயில் படும் கிளை. நுனியிலிருந்து ஒன்றரை அடி உள்ளே, ஒரு கணுவுக்குக் கீழே, சுற்றிலும் 2.5 முதல் 3 செ.மீ. அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்தெடுங்கள். இனிமேல்தான் முக்கியமான வேலை. உரித்த இடம் வழவழவென்று இருக்கும். அந்த வழவழப்பைக் கத்தியின் முதுகால் சுரண்டித் துடைக்க வேண்டும். அது புதுப் பட்டையை உருவாக்கும் படலம். விட்டுவைத்தால் காயம் ஆறி மேல்பட்டையும் கீழ்ப்பட்டையும் கைகோத்துவிடும், வேர் வராது. இரண்டு மாதம் கழித்துப் பிரித்துப் பார்த்து "ஒன்றுமே வரலையே" என்பவர்களில் பாதிப்பேர் இதைச் சுரண்டாதவர்கள்.

இது ஏன் வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் கை தானாகச் சரியாகச் செய்யும். வேரிலிருந்து தண்ணீர் ஏறுவது உள்ளே இருக்கும் கட்டை வழியாக, அதை நாம் தொடவில்லை. இலை தயாரித்த சர்க்கரையும் ஆக்சினும் இறங்குவது பட்டை வழியாக. பட்டை அறுந்ததால் அவை வளையத்தின் மேல் உதட்டில் வந்து தேங்குகின்றன. சாப்பாடும் தூண்டுதலும் ஒரே இடத்தில் குவிந்து, அங்கே ஈரமும் இருளும் இருந்தால், வேர் கிளம்புகிறது. ஆகவே ஹார்மோன் தடவுவதானால் மேல் உதட்டில் தடவுங்கள், கீழே தடவுவது வீண்.

ஊறவைத்துப் பிழிந்த தென்னைநார்க் கழிவையோ ஸ்பேக்னம் பாசியையோ ஒரு கைப்பிடி எடுத்து, அந்த இடத்தை உருண்டையாகப் பொத்தி, பிளாஸ்டிக் தாளால் சுற்றி, இரண்டு முனையையும் மழைநீர் புகாதபடி இறுக்கிக் கட்டுங்கள். எறும்பு குடியேறாமல் இருக்கவும் அந்த இறுக்கம் உதவும். வெயில் நேராக விழும் இடமானால் மேலே வெள்ளிநிற அலுமினியத் தாளைச் சுற்றுங்கள்.

செடி விறுவிறுவென்று வளரும் ஈரமான பருவத்தில் போட்டால் ஐந்து முதல் எட்டு வாரத்தில் தாளுக்குள் வேர் தெரியும். முதலில் வெள்ளையாக இருக்கும். பார்த்தவுடன் வெட்டாதீர்கள். வேர் கிளைத்து, லேசாகப் பழுப்பு ஏறட்டும். பிறகு வளையத்துக்குக் கீழே கிளையைப் பாதியளவு மட்டும் வெட்டி ஒரு வாரம் விடுங்கள், அடுத்த வாரம் முழுசாக வெட்டுங்கள். பிளாஸ்டிக்கை மட்டும் பிரித்து, உருண்டையைக் கலைக்காமல் தொட்டியில் வைத்து, இலைகளில் பாதியைக் கிள்ளி எறிந்து, நிழலில் மூன்று நான்கு வாரம். வேர் கொஞ்சமாகவும் இலை நிறையவும் இருந்தால் கணக்கு இடிக்கும், அதனால்தான் கிள்ளுவது.

தரையிலேயே பதியம் போட முடியாதா?

தாழ்வாக வளையும் கிளை இருந்தால் இன்னும் சுலபம். அடிப்பக்கம் லேசாகக் கீறி, தரையில் அல்லது தரையில் வைத்த ஒரு தொட்டியில் புதைத்து, மேலே கல்லை வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். தொட்டியில் புதைப்பதுதான் நம் மாதிரி கிளம்பப் போகிறவர்களுக்கு வசதி.

ஒட்டுச்செடியிலிருந்து போத்து எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று பாருங்கள். ஒட்டு என்பது இரண்டு செடி. கீழே வேர்ச்செடி, மேலே நமக்கு வேண்டிய ரகம். தண்டின் அடியில் ஒரு முடிச்சோ வளைவோ தெரியும். அதற்கு மேலே இருந்து எடுத்தால் அதே பழம். கீழேயிருந்து கிளம்பும் கொழுகொழுத் தளிரை எடுத்தால் வேர்ச்செடிதான் வரும். நான் ஒரு முறை எலுமிச்சையின் அடித்தளிரை ஆசையாகப் பதியம் போட்டுக் கொண்டுபோய், மூன்று வருடம் முள்ளை வளர்த்தேன்.

மேலேயிருந்து எடுத்தாலும் ஒரு நஷ்டம் உண்டு. வேர்ச்செடி கொடுத்த குட்டைத்தன்மையும் நோய் எதிர்ப்பும் கூட வராது. திராட்சையில் இது பெரிய விஷயம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபிலாக்சரா என்ற வேர்ப்பேன் ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களை அழித்த பிறகுதான் அமெரிக்கத் திராட்சை வேரில் ஒட்டுக்கட்டும் வழக்கமே பரவியது. அந்தப் பூச்சி உள்ள மண்ணில் சொந்த வேரில் நிற்கும் கொடி நெடுநாள் தாங்காது.

அடியில் முளைக்கும் தூர்க்கன்றைப் பிடுங்கி வைக்கலாமா?

ஒட்டு இல்லாத மாதுளை, கொய்யா என்றால் அதுதான் இலவசக் கன்று. தாயோடு இணைந்த பக்கத்தை வெட்டிவிட்டு, இரண்டு மூன்று வாரம் அதே இடத்தில் தனியாகப் பிழைக்க விடுங்கள், பிறகு தோண்டுங்கள். வேரில் குட்டிக் குட்டி முடிச்சுகள் இருந்தால் அது நூற்புழு, அந்தக் கன்றைக் கொண்டுபோகாதீர்கள். புதுத் தோட்டத்து மண்ணில் ஒரு முறை நுழைந்தால் வெளியேற்றுவது பெரும்பாடு. இதனாலேயே எனக்குத் தூர்க்கன்றைவிடப் போத்துதான் பிடிக்கும்: பழைய மண்ணே கூட வருவதில்லை.

கூஸ்பெரி போத்தில் வரும் என்று படித்தேன். எங்கள் நெல்லி மட்டும் ஏன் வரவில்லை?

பெயர்க் குழப்பம். ஆங்கிலத்தில் நம் நெல்லிக்காய்க்கும் கூஸ்பெரி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இரண்டுக்கும் உறவே இல்லை. குளிர்நாட்டுக் கூஸ்பெரி இடுப்பளவு முட்புதர், குச்சி நட்டால் வரும். நெல்லி மரம், அதை மொட்டு ஒட்டுக் கட்டித்தான் பெருக்குகிறார்கள். படித்த குறிப்பு எந்தச் செடிக்கு எழுதப்பட்டது என்று எப்போதும் பாருங்கள்.

குளிர்நாட்டில் இருக்கிறோம். ராஸ்ப்பெரி, கரண்ட் எல்லாம் கொண்டுபோக வேண்டும்.

உங்களுக்கு வேலை இன்னும் சுலபம், காலம்தான் கூடுதல். கரண்ட் என்பது கொத்துக் கொத்தாகச் சிறு பழம் காய்க்கும் புதர். கருப்புக் கரண்ட்டில் இலை உதிர்ந்த பிறகு 20 முதல் 25 செ.மீ. குச்சி வெட்டி, மொட்டு எதையும் நீக்காமல், மேலே இரண்டு மொட்டு மட்டும் தெரியும்படி புதைத்துவிடுங்கள். அது மண்ணுக்குள்ளிருந்து பல தண்டாகக் கிளம்ப வேண்டிய புதர். சிவப்புக் கரண்ட்டும் கூஸ்பெரியும் அப்படியல்ல, ஒற்றைக் காலில் நிற்க வேண்டியவை. 30 செ.மீ. குச்சி எடுத்து, மேலே மூன்று நான்கு மொட்டு விட்டு மற்றதைக் கிள்ளிவிட்டு நடுங்கள். ஒரு வருடம் அசைக்காமல் விடுவது நல்லது, ஆகவே ஆழமான தொட்டியிலேயே நட்டுவிடுங்கள்.

பிளாக்பெரி தானே பதியம் போட்டுக்கொள்ளும். கோடை முடிவில் நீண்ட தண்டின் நுனியை ஒரு சின்னக் குழியில் புதைத்தால் அங்கே வேர்விட்டுக் கன்றாகும். ராஸ்ப்பெரிக்குப் பக்கக்கன்றுதான், குளிர்காலத்தில் தோண்டித் தண்டை ஓரடிக்கு வெட்டி எடுத்துப் போகலாம். புளூபெரி போத்து மெதுவாகத்தான் வரும், மண்ணும் கார அமில அளவு (pH) 4.5 முதல் 5.5 வரை உள்ள அமில மண்ணாக இருக்க வேண்டும். அதைத் தொட்டியிலேயே வளர்த்துத் தொட்டியோடு தூக்கிப் போவது மேல்.

ஒரே வாரம்தான் இருக்கிறது. ஏதாவது செய்ய முடியுமா?

குச்சியாகவே கொண்டுபோங்கள். இலையில்லாமல் தூங்கும் அத்தி, மல்பெரி, திராட்சை, மாதுளைக் குச்சிகளை லேசாக நனைத்த செய்தித்தாளில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் சில வாரங்கள் தாங்கும். ஃப்ரீசரில் வேண்டாம். பழம் வைக்கும் இடத்திலும் வேண்டாம், பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு மொட்டைக் கெடுக்கும்.

இலையோடு இருக்கும் குச்சிக்கு இரண்டு மூன்று நாள்தான் ஆயுள். இலையைப் பாதியாக நறுக்கி, ஈரத்துணியில் சுற்றி, போய்ச் சேர்ந்த அன்றே நடுங்கள். சாமான் பிரிப்பது மறுநாள் ஆகட்டும். டிராகன் பழத்துக்கு இந்த அவசரமெல்லாம் இல்லை. காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் போட்டால் அது பயணத்திலேயே தன் வெட்டுவாயை ஆற்றிக்கொள்ளும். பிரிட்ஜ் மட்டும் அதற்கு ஆகாது.

எத்தனை குச்சி நட வேண்டும்?

வேண்டியதைப் போல மூன்று மடங்கு. மாதுளைக்கு ஐந்து மடங்கு.

நோய் உள்ள செடியிலிருந்து எடுத்தால் கன்றுக்கும் வருமா?

மாவுப்பூச்சி, செதில்பூச்சி என்றால் துடைத்துக் கழுவிவிடலாம். வைரஸ் என்றால் கட்டாயம் வரும், அது சாறுக்குள்ளேயே இருக்கிறது. அத்தி இலையில் மஞ்சள் திட்டுகள் மொசைக் போல் படர்ந்திருந்தாலோ, கருப்புக் கரண்ட்டின் மொட்டுகள் இயல்புக்கு மீறி உருண்டு வீங்கியிருந்தாலோ அதிலிருந்து எடுக்காதீர்கள். நல்ல பழம் தந்த செடியாயிற்றே என்று மனசு கேட்காது. இருந்தாலும் வேண்டாம்.

பெயர் எழுதி வைக்க எது நல்லது?

பென்சில். அழியாத மை என்று விற்கும் பேனா வெயிலில் சில மாதத்தில் மங்கும், பிளாஸ்டிக் பட்டையில் பென்சிலால் எழுதியது வருடக்கணக்கில் நிற்கும். ரகம், வெட்டிய தேதி இரண்டும் எழுதுங்கள்.

வண்டியில் எப்படிக் கொண்டுபோவது?

முதல்நாள் மாலை தண்ணீர் விடுங்கள், கிளம்பும் காலையில் வேண்டாம். ஈரத் தொட்டி கனக்கும், ஒழுகும். அட்டைப்பெட்டியில் தொட்டிகளை நெருக்கி, இடைவெளியில் கசக்கிய காகிதம் திணித்து அசையாமல் செய்யுங்கள். இரண்டு மூன்று நாள் இருட்டைச் செடி பொறுத்துக்கொள்ளும். பொறுக்காதவை இரண்டு: திறந்த லாரியின் காற்று, வெயிலில் கதவு மூடி நிறுத்திய கார். காற்று சில மணி நேரத்தில் இலையை உலர்த்திவிடும். மூடிய காரோ அடுப்பு, சாப்பிட இறங்கிவிட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். என் வழக்கம், செடிப்பெட்டி கடைசியாக ஏறும், முதலில் இறங்கும்.

எல்லை தாண்டிப் போகிறோம். தடை உண்டா?

நாடு விட்டு நாடு என்றால் பெரும்பாலும் செடிநலச் சான்றும் இறக்குமதி அனுமதியும் வேண்டும், மண்ணோடு கொண்டுபோக எங்கும் எளிதில் விடமாட்டார்கள். சில நாடுகளுக்குள்ளேயே மாநிலம் விட்டு மாநிலம் போகவும் கட்டுப்பாடு உண்டு, முக்கியமாக எலுமிச்சைக் குடும்பத்துக்கு. சிட்ரஸ் கிரீனிங் என்ற நோய்க்குத் தீர்வு கிடையாது, சிறு தத்துப்பூச்சி மாதிரியான சில்லிட் பூச்சியாலும் நோயுற்ற கன்றாலும் அது பரவுகிறது. பெட்டியில் ஒளித்துக்கொண்டுபோகும் ஒரு கன்று அடுத்த ஊர்த் தோப்பையே காலி செய்யலாம். வேளாண் துறையில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

காப்புரிமை உள்ள ரகம் என்று அட்டையில் போட்டிருக்கிறதே?

புதிய புளூபெரி, ராஸ்ப்பெரி ரகங்களில் இது சகஜம். அனுமதியில்லாமல் பெருக்கி விற்பது சட்டமீறல், சில நாடுகளில் சொந்த உபயோகத்துக்குப் பெருக்குவதும் அனுமதியில்லை. அப்படிப்பட்டதைத் தொட்டியோடு கொண்டுபோய்விடுங்கள், புதிதாக உருவாக்க வேண்டாம்.

வீட்டை விற்றுவிட்டோம். மண்ணில் இருக்கும் செடி யாருடையது?

நட்டது நாம் என்றாலும், மண்ணில் ஊன்றியது வீட்டோடு சேர்ந்தது என்றே பல இடங்களில் கொள்கிறார்கள். செடியையே எடுப்பதானால் ஒப்பந்தத்துக்கு முன்பே வாங்குகிறவரிடம் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துக்கு முன் வெட்டிய குச்சிக்கு யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

போய்ச் சேர்ந்ததும் மண்ணில் நட்டுவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். முதல் வாரம் நிழல், அடுத்த இரண்டு வாரம் காலை வெயில் மட்டும், பிறகு முழு வெயில். அதற்குள் நீங்களும் தோட்டத்தைப் பார்த்துவிடுவீர்கள்: மழை பெய்தால் எங்கே தண்ணீர் நிற்கிறது, மதியம் எந்தச் சுவரின் நிழல் எங்கே விழுகிறது, பழைய ஆள் கட்டட இடிபாட்டை எங்கே புதைத்திருக்கிறார். நான் போன மூன்றாவது வீட்டில் முதல் வாரமே ஆசையாக நட்ட அத்தி, அடுத்த மழையில் முழங்கால் தண்ணீரில் நின்றது. ஒரு பருவம் தொட்டியிலேயே வைத்திருந்தால் கன்றுக்கு நஷ்டமில்லை. வேர் தொட்டிக்குள் சுருண்டு சுற்றத் தொடங்கும்முன் இறக்கிவிட்டால் போதும்.

எப்போது காய்க்கும்?

அத்தியும் மல்பெரியும் முதல் வருடமே ஓரிரண்டு காட்டும். பதியம் போட்ட கொய்யாவும் எலுமிச்சையும் ஒன்றிரண்டு வருடத்தில். மாதுளைக் குச்சிக்கு இரண்டு மூன்று வருடம். முதல் வருடப் பூவைக் கிள்ளிவிடுவது வேர் தேறுவதற்கு நல்லது. என்னால் ஒரு முறைகூட எல்லாவற்றையும் கிள்ள முடிந்ததில்லை, ஒரு காயாவது விட்டுவிடுவேன்.

இவ்வளவும் செய்தும் ஒன்றும் பிழைக்கவில்லை என்றால்?

அதற்குத்தான் கிளம்பும்முன் வேர்பிடித்த கன்றுகளில் ஒன்றைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வரச் சொல்வேன். புது வீட்டுக்காரர் தாய்ச்செடியை வெட்டிவிட்டாலும் அங்கே ஒன்று இருக்கும். அடுத்த வருடம் இலை உதிர்ந்ததும் நான்கு குச்சியை ஈரக் காகிதத்தில் சுற்றி அனுப்பச் சொல்லலாம். என் மாதுளை இரண்டாவது முறை அப்படித்தான் வந்து சேர்ந்தது. கொடுத்துவிட்டு வந்த கன்று அவர்கள் வீட்டில் என்னுடையதைவிட ஒரு வருடம் முந்திக் காய்த்துவிட்டது என்பது வேறு விஷயம்.